ஐந்து வயதுப் பையனுக்கு சிபிகே 14,600 என்று வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்வது?

திண்டுக்கல் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

என் பையனுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. ஒன்றரை வயது தாண்டித்தான் நடந்தான். சில பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள், நானும் விட்டுவிட்டேன். மூன்று வயதுக்கு மேல்தான் கவனித்தேன், மற்ற பிள்ளைகள் மாதிரி ஓட வரவில்லை, இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி வாத்து போல வருகிறான், பாதி நேரம் நுனிக்காலில் நடக்கிறான், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை விழுகிறான். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கும்போது முதலில் குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, அப்புறம் முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி எழுந்திருக்கிறான். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டு இருக்கும், பயில்வான் கால் என்று சொல்லிக் கொஞ்சிக்கொண்டு இருந்தோம். இப்போது அதை நினைத்தால் அழுகை வருகிறது.

பார்த்த டாக்டர்கள் முதலில் கால்சியம் சிரப் கொடுத்தார்கள். போன வருடம் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தபோது எஸ்ஜிபிடி 280 என்று வந்தது, கல்லீரலில் கோளாறு என்றார்கள். ஆறு மாதம் கல்லீரல் டானிக், கீழாநெல்லி, எண்ணெய் இல்லாத சாப்பாடு. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனால் எஸ்ஜிபிடி இறங்கவே இல்லை. போன வாரம் வேறொரு குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அவர் இவனைத் தரையில் உட்காரச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னார், பார்த்ததும் சிபிகே என்று, தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஒன்றைப் பார்க்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். 200-க்குள் இருக்க வேண்டியது 14,600 இருக்கிறது. டுஷேன் என்கிற தசைச் சிதைவு நோயாக இருக்கலாம், மரபணு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறார்.

இது குணமாகுமா? டிவியில் சொல்வார்களே, 16 கோடி ரூபாய் ஊசி, அது இதற்குத்தானா? ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள், அது பயமாக இருக்கிறது. நான் மாமன் மகனைக் கட்டியவள், அதனால்தான் வந்தது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒரு கிளினிக்கிலிருந்து போன் வந்தது, ஸ்டெம் செல் ஊசி நாலு தவணை, மொத்தம் ஐந்து லட்சம் என்று. வீட்டுக்காரர் தோட்டத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழந்தை மருத்துவர் (அரசு மருத்துவமனை) எழுதியது:

அம்மா, முதலில் தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எந்த மருத்துவருக்கும் டுஷேன் ஞாபகம்தான் வரும். தன் உடம்பிலேயே ஏறி எழுந்திருப்பது என்று எழுதினீர்கள் இல்லையா, அதை கோவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1879-லேயே விவரித்திருக்கிறார், அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறோம். இடுப்பிலும் தொடையிலும் பலம் குறைவதால் குழந்தை தானாகக் கண்டுபிடிக்கிற வழி அது. கெண்டைக்கால் பெரிதாகத் தெரிவது பலத்தால் அல்ல. தசை நார்கள் சிதைந்த இடத்தில் கொழுப்பும் தழும்புத் திசுவும் வந்து நிரம்புவதால்.

எஸ்ஜிபிடி விஷயம். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் உண்டு. தசை உடைந்தால் அவை ரத்தத்தில் கசியும். கல்லீரல் என்று நினைத்து மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்ட டுஷேன் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜிஜிடி என்று ஒரு டெஸ்ட் உண்டு, அது தசையில் இல்லை. எஸ்ஜிபிடி ஏறியிருந்து ஜிஜிடி சரியாக இருந்தால் உடனே சிபிகே பார்க்க வேண்டும். இதைப் படிக்கிற மற்ற பெற்றோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் தெரியாமல் எஸ்ஜிபிடி ஏறியிருக்கிற ஆண் குழந்தை, அதோடு நடை தாமதம் என்றால் சிபிகே கேட்டு வாங்குங்கள், அது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். கீழாநெல்லியும் பத்தியமும் இனி வேண்டாம், வளர்கிற குழந்தைக்கு நல்ல சாப்பாடு கொடுங்கள்.

நோய் என்னவென்றால், தசை நாரின் உறையைத் தாங்கிப் பிடிக்கிற டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இந்தக் குழந்தைகளின் உடம்பில் உருவாவதில்லை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, மனித மரபணுக்களிலேயே மிக நீளமானது, அதனால் அதில் பிழை விழும் வாய்ப்பும் அதிகம். அந்த மரபணுவை 79 பெட்டி கோத்த ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சில பெட்டிகள் காணாமல் போய், மிச்சமிருக்கிற இரண்டு முனைகளின் கொக்கியும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் ரயில் குட்டையாக இருந்தாலும் ஓடும், அது பெக்கர் என்கிற மிதமான வகை. கொக்கி மாட்டவில்லை என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அது டுஷேன். எந்தப் பெட்டி போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் மரபணு டெஸ்ட். முதலில் எம்எல்பிஏ எடுப்பார்கள், பத்தில் ஏழு குழந்தைகளுக்கு அதிலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கிற டெஸ்ட். தசையை வெட்டி எடுத்துப் பார்க்கும் பயாப்சி இப்போது பெரும்பாலும் தேவைப்படாது, எடுத்தவுடன் அதற்குச் சம்மதிக்காதீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

16 கோடி ஊசி இதற்கு இல்லை. அது எஸ்எம்ஏ என்ற வேறு நோய்க்கு. அதில் தசையை இயக்குகிற தண்டுவட நரம்பணுக்கள் அழிகின்றன. இதில் நரம்பு சரியாக இருக்கிறது, தசைதான் பழுது. இரண்டுமே கால் பலவீனத்தில் ஆரம்பிப்பதால் குழப்பம் வருகிறது.

டுஷேனுக்கு முழுக் குணம் தருகிற மருந்து இன்று இல்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பெட்டி ஒன்றையும் தாண்டிப் படிக்க வைத்து, மிச்சக் கொக்கிகளை மாட்ட வைக்கும் மருந்துகளில் முதலாவதற்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் அது குறிப்பிட்ட பிழை உள்ள, நூற்றில் 13 பேருக்குத்தான் பொருந்தும், பலனும் சிறியது. 2023-ல் மரபணு சிகிச்சை ஒன்று வந்தது. 2025-ல் நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு சிறுவர்கள் அதை எடுத்தபின் கல்லீரல் செயலிழந்து இறந்ததால், நடக்க முடிகிறவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு உங்கள் பையனின் காலையும் மூச்சையும் இதயத்தையும் காப்பாற்றுவது ஸ்டீராய்டு, பிசியோ, வருடா வருடம் எக்கோ என்கிற இதய ஸ்கேன், இந்த மூன்றும்தான். இவற்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

பதின்மூன்று வயதுக்காரனின் அப்பா, ஈரோடு எழுதியது:

சகோதரி, எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே பேப்பரை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதவன். டாக்டர் மருத்துவத்தைச் சொல்லிவிட்டார், நான் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டுக்கு நாங்களும் பயந்தோம். பக்கத்து வீட்டுக்காரர், பெரியப்பா, மெடிக்கல் கடைக்காரர் வரைக்கும் வேண்டாம் என்றார்கள். ஆறு வயதில் டெஃப்லாசாகார்ட் ஆரம்பித்தோம், ஒரு கிலோ எடைக்கு 0.9 மில்லிகிராம் கணக்கு, காலையில் சாப்பிட்டவுடன். சில பேருக்கு பிரெட்னிசலோன் கொடுப்பார்கள், அதற்கு 0.75 கணக்கு. இது டாக்டர் எடை பார்த்துத் தர வேண்டியது, என்னைப் பார்த்து யாரும் ஆரம்பிக்காதீர்கள். முகம் உப்பியது, பசி தாங்க மாட்டான், உயரம் குறைவாகத்தான் இருக்கிறான், இதெல்லாம் உண்மை. அதே வார்டில் ஸ்டீராய்டு எடுக்காத பையன்கள் பத்து வயதிலேயே நடையை விட்டார்கள், இவன் பன்னிரண்டரை வரைக்கும் நடந்தான். நடை நின்ற பிறகும் கையைத் தூக்கித் தானே சாப்பிடுகிறான், முதுகு பெரிதாக வளையவில்லை.

ஒரு தப்பு செய்தோம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்குப் போனபோது மாத்திரை டப்பாவை வீட்டில் விட்டுவிட்டோம், நாலு நாள்தானே என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் வாந்தி, நாலாம் நாள் துவண்டு கீழே விழுந்துவிட்டான், ஐசியூ வரை போய் வந்தோம். ஸ்டீராய்டு தொடர்ந்து எடுக்கிற உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காது, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றாலும் அப்படித்தான், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்டீராய்டு எடுக்கிற பையன் என்று முதலில் சொல்லுங்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில், என் பையில், பள்ளிக்கூடத்தில் என்று மூன்று இடத்தில் மாத்திரை இருக்கும்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் தடுப்பூசி எல்லாம் முடித்துவிடுங்கள், முக்கியமாக சின்னம்மை ஊசி, ஸ்டீராய்டு ஓடும்போது உயிருள்ள தடுப்பூசி போட முடியாது. கண் டாக்டரிடம் வருடம் ஒரு தடவை காட்டுங்கள், புரை வரலாம். எலும்பு மெலியும், வைட்டமின் டி பார்த்துக்கொள்ளுங்கள். முதுகு வலிக்கிறது என்று பையன் சொன்னால் சாதாரணமாக நினைக்காமல் எக்ஸ்ரே எடுங்கள். இதயத்துக்குப் பத்து வயதில் எனலாப்ரில் என்ற மாத்திரை ஆரம்பித்தார்கள், எக்கோ நன்றாக இருக்கும்போதே. இப்போது மூச்சுப் பலம் பார்க்க வருடா வருடம் ஊதிக் காட்டுகிற டெஸ்டும் உண்டு.

இன்னொன்று, எந்த ஆபரேஷன் என்றாலும், பல் பிடுங்க மயக்கம் கொடுத்தாலும் கூட, டுஷேன் பையன் என்று மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். சக்சினைல்கோலின் என்ற மருந்து இவர்களுக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சில் கொடுக்கிற சில மயக்க வாயுக்களும் ஆகாது, இதயம் நின்றுவிடும். பெரிய எழுத்தில் அட்டை எழுதி லேமினேட் செய்து அவன் பையில் வைத்திருக்கிறேன்.

நம்பிக்கை எழுதியது:

எல்லோரும் இப்படி பயமுறுத்தலாமா? எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு ஸ்டெம் செல் போட்டு நன்றாக நடக்கிறான், நானே பார்த்தேன். ஆங்கில மருத்துவம் முடியாது என்று சொன்னால் சும்மா இருக்க முடியுமா? காலுக்குப் பலம் வர தினமும் காலையில் 50 தோப்புக்கரணம் போடச் சொல்லுங்கள், எண்ணெய் தேய்த்து நன்றாக அழுத்தி உருவி விடுங்கள், நரம்பு முறுக்கேறும்.

பிசியோ, திருச்சி எழுதியது:

வேண்டாம், தயவுசெய்து தோப்புக்கரணம் போட வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது, ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு அது நேரடியாகக் கெடுதல். உட்கார்ந்து எழும்போதும் மாடிப்படி இறங்கும்போதும் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, டிஸ்ட்ரோஃபின் இல்லாத தசை உறை கிழிவதே அந்த மாதிரி வேலையில்தான். ஒரு அப்பா தினமும் பையனை மூன்று மாடி ஏற்றி இறக்கிப் பயிற்சி கொடுத்தார், பையனுக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போன பிறகுதான் என்னிடம் வந்தார். தசை உடைந்து ரத்தம் வழியாகச் சிறுநீரில் வருகிறது அது, உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறி. எண்ணெய் தடவி மெதுவாக நீவி விடுவதில் தப்பில்லை, அழுத்தி உருவ வேண்டாம்.

செய்ய வேண்டியது பலம் கூட்டுகிற வேலை இல்லை, மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. நுனிக்காலில் நடக்கிறான் என்றால் குதிகால் தசைநார் இறுக ஆரம்பித்துவிட்டது. குழந்தையைப் படுக்க வைத்து, முழங்காலை நீட்டி, ஒரு கையால் குதிகாலைக் கோப்பையாகப் பிடித்து முன்பாதத்தை அவன் முகம் பக்கம் மெதுவாகத் தள்ளிப் பிடியுங்கள், வலிக்காத அளவுக்கு, முப்பது எண்ணும் வரை. காலை மாலை இரண்டு வேளையும், இரண்டு காலுக்கும். முதல் தடவை அருகில் இருக்கிற பிசியோவிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். இரவில் தூங்கும்போது பாதம் நேராக நிற்க ஸ்பிளிண்ட் செய்து தருவார்கள், அது தூங்குவதற்கு மட்டும், அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. நீச்சல் மிக நல்லது. சமதரையில் சைக்கிள், விளையாட்டு எல்லாம் அவன் இஷ்டத்துக்கு, களைத்தால் உட்கார விடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் சொல்லி வையுங்கள். சோம்பேறி என்று டீச்சர் திட்டிய குழந்தைகள் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள், அந்தச் சொல் அவர்கள் மனதை விட்டுப் போவதே இல்லை. வகுப்பு தரைத்தளத்தில் இருக்க வேண்டும், மேற்கத்திய கழிப்பறை வேண்டும், பிரார்த்தனைக் கூட்டத்தில் உட்கார நாற்காலி வேண்டும். பேச்சு தாமதம், படிப்பில் சிரமம், பிடிவாதம் ஆகியவையும் சில பிள்ளைகளுக்கு இந்த நோயின் கூடவே வரும், டிஸ்ட்ரோஃபின் மூளையிலும் வேலை செய்கிற புரதம்.

குழந்தை மருத்துவர் (அரசு மருத்துவமனை) எழுதியது:

ஸ்டெம் செல் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி ஸ்டெம் செல் சிகிச்சை அனுமதிக்கப்பட்டிருப்பது ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு. தசைச் சிதைவுக்கு அனுமதி இல்லை. ஆராய்ச்சியாகச் செய்வதென்றால் முறைப்படி அனுமதி பெற்ற பரிசோதனையில்தான் செய்ய வேண்டும், அதில் சேருகிறவர்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஐந்து லட்சம் கேட்கிறார்கள் என்பதே உங்களுக்கான பதில். தெருவில் நடக்கிற அந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று நமக்குத் தெரியாது. டுஷேனிலேயே நாலிலிருந்து ஆறு வயதுக்குள் குழந்தை வளர்ச்சியால் கொஞ்சம் தேறுகிற மாதிரி தெரியும், அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்தாலும் அதனால்தான் தேறியது என்று நினைப்போம். என் நோயாளி ஒருவரின் வீடு இப்படித்தான் போனது. பையன் ஒன்பது வயதில் என்னிடம் வந்தபோது ஸ்டீராய்டும் இல்லை, குதிகாலும் இறுகிவிட்டது, கையில் பணமும் இல்லை.

எங்கே போவது என்றால், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை மத்திய அரசின் அரிய நோய்த் திட்டத்தில் சிறப்பு மையம், அங்கே பதிவு செய்துகொள்ளுங்கள். வேலூர் சிஎம்சி, பெங்களூர் நிம்ஹான்ஸ் இரண்டிலும் தசை நோய்க்கென்று அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் எம்டிசிஆர்சி என்ற மையம் டுஷேன் மரபணுப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமே நடக்கிறது, அங்கே விசாரியுங்கள், உங்களுக்குப் பக்கம்.

நாகர்கோவில் அக்கா எழுதியது:

தங்கச்சி, மாமன் மகனைக் கட்டியதால் வந்தது என்று சொல்கிறார்களே, அதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லோடு ஆறு வருடம் வாழ்ந்தேன். டுஷேன் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. பையனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். அப்பா சொந்தமா அந்நியமா என்பதால் எந்த மாற்றமும் இல்லை, நீங்கள் யாரைக் கட்டியிருந்தாலும் இதே ஆகியிருக்கலாம். எஸ்எம்ஏ மாதிரி சில நோய்களுக்குத்தான் இரண்டு பேரிடமிருந்தும் பழுது வர வேண்டும், சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு கூடும். இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

அப்படியானால் அம்மாவால் வந்தது என்று அடுத்து ஆரம்பிப்பார்கள். அதற்கும் பதில் உண்டு. மூன்றில் ஒரு குழந்தைக்கு அம்மாவிடமும் இந்தப் பிழை இருக்காது, அந்தக் குழந்தையில் புதிதாக விழுந்திருக்கும். நம் உடம்பிலேயே இருந்தாலும் அது நாம் கேட்டு வாங்கியது இல்லை. என் மாமியாரை டாக்டர் முன்னால் உட்கார வைத்து இதைக் கேட்க வைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது.

பையனின் ரிசல்ட் வந்ததும் நீங்களும் அதே டெஸ்ட் எடுங்கள். உங்களுக்கும் இருந்தால் உங்கள் கூடப் பிறந்த பெண்களுக்கும் இருக்கலாம், அவர்களிடம் மறைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்பா மறைத்தார், கல்யாணம் நின்றுவிடும் என்று. தங்கைக்கு முதல் பையன் பிறந்து அவனுக்கும் மூன்று வயதில் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் கர்ப்பம் மூன்று மாதம் இருக்கும்போதே, பதிவு பெற்ற மையத்தில் பரிசோதித்துப் பார்த்திருக்கலாம். அவள் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அவள் மேல் தப்பில்லை. பிழை இருக்கிற பெண்கள் தங்கள் இதயத்தையும் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கே இதை என் டாக்டர் தாமதமாகத்தான் சொன்னார்.

ஊனமுற்றோர் அடையாள அட்டை, யுடிஐடி என்கிற மத்திய அரசின் அட்டை இரண்டும் வாங்குங்கள். 2016 சட்டத்தில் தசைச் சிதைவு தனியாகவே பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு, பின்னால் தேவைப்பட்டால் பேட்டரி சக்கர நாற்காலிக்கும் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அட்டை வாங்கினால் பையனுக்கு முத்திரை விழுந்துவிடும் என்று நானும் இரண்டு வருடம் போகாமல் இருந்தேன், நஷ்டம்தான்.

திண்டுக்கல் அம்மா எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எம்எல்பிஏ ரிசல்ட் வந்துவிட்டது. 45-லிருந்து 50 வரையுள்ள பெட்டிகள் இல்லை, டுஷேன்தான் என்று உறுதி. டாக்டர் சொன்ன ரயில் பெட்டிக் கதையை வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் பேப்பரில் 79 கட்டம் போட்டு ஆறு கட்டத்தை அடித்துப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். தோட்டம் அடமானம் வைக்கவில்லை. எக்கோ சரியாக இருக்கிறது. சின்னம்மை ஊசி முதல் தவணை போட்டாயிற்று, தவணைகள் முடிந்ததும் ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறார்கள். எனக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறேன். தங்கைக்கு அடுத்த தையில் கல்யாணம், அவளிடம் நேற்று ராத்திரிதான் சொன்னேன். அக்கா சொன்னது மனதில் இருந்தது. அவள் அழுதாள், அப்புறம் எப்போது டெஸ்ட் எடுக்கலாம் என்று கேட்டாள்.

ஒன்று மட்டும் இப்போது கேட்க வேண்டும். ஸ்பிளிண்ட் வாங்கிவிட்டோம், இரவில் போட்டால் அழுது கழற்றி எறிகிறான். என்ன செய்வது?

பிசியோ, திருச்சி எழுதியது:

ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போடுங்கள், ஒரு வாரம் கழித்து ஒரு மணி நேரம். பருத்தி சாக்ஸ் உள்ளே போடுங்கள், கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள், இருபது நிமிடத்தில் சிவப்பு போகவில்லை என்றால் செய்தவரிடம் கொண்டுபோய்ச் சரி செய்ய வேண்டும். பழகியதும் தூங்கிய பிறகு மாட்டிவிடுங்கள். முதலில் ஒரு கால் மட்டும் ஒரு இரவு, மறுநாள் இன்னொரு கால். ஒரு மாதம் ஆகும், பரவாயில்லை.

பதின்மூன்று வயதுக்காரனின் அப்பா, ஈரோடு எழுதியது:

சகோதரி, இவன் சின்ன வயதில் போட்ட ஸ்பிளிண்டில் வண்டி ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தோம், அப்புறம் அவனே எடுத்து வந்து மாட்டச் சொன்னான். இப்போது அவனிடம் கேட்டேன், தம்பிக்கு பஸ் பிடிக்குமா ரயில் பிடிக்குமா என்று கேட்கச் சொல்கிறான். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், அவனே தேர்ந்தெடுத்து அனுப்புகிறானாம்.